புதிய மாருதி டிசையரின் வடிவ மாற்றத்தைப் பற்றி மக்கள் இவ்வளவு முரண்பட்டுப் பேசுவது ஏன்? உங்கள் கருத்து என்ன?

2024 நவம்பர் 11 அன்று விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை டிசையரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "ஆடியைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்" என்பவர்கள் ஒரு பக்கம், "மாருதியிலிருந்து இப்படி ஒரு காரா" என்று வியப்பவர்கள் மறுபக்கம், "நான்கு சிலிண்டரை எடுத்துவிட்டார்களே" என்று வருந்துபவர்கள் இன்னொரு பக்கம் என்று பேச்சு பிரிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் 2017ஆம் ஆண்டு வடிவத்தில் வந்த டிசையர் ஓடிக்கொண்டிருக்கிறது; புதியதை என் சித்தப்பாவுக்காக ஷோரூமில் பார்த்து, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காரின் முகத்தைப் பற்றி நடக்கும் வாதம் தேவைக்கு மேல் நீண்டுவிட்டது. எஞ்சினைப் பற்றிய குறை நியாயமானது. மூன்றாவதாக, எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட வேண்டிய மாற்றம் இந்தக் காரின் கூண்டில், அதாவது மோதலின்போது பயணிகளைச் சூழ்ந்து காக்கும் உலோகச் சட்டகத்தில், நடந்திருக்கிறது.

டிசையரின் தோற்றத்தை எடைபோடுவதற்கு முன் அதன் நீளத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காரின் வடிவத்தைத் தீர்மானித்ததில் வடிவமைப்பாளருக்கு உள்ள பங்கு பாதி என்றால் வரிச் சட்டத்திற்கு உள்ள பங்கு மறுபாதி. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ளும் டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பவை அந்தச் சலுகைக்கான நிபந்தனைகள். 2008இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் இந்த வரம்புக்குள் அடங்கவில்லை. அதன் நீளம் 4160 மில்லிமீட்டர். அதற்கு அடிப்படையான ஸ்விஃப்ட் என்ற மாருதியின் சிறிய காருக்குப் பின்னால் ஒரு டிக்கியைத் தனியாகச் செய்து ஒட்டியதுபோல் இருக்கிறது என்று அப்போதே எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனாலும் அந்த டிக்கியில் 440 லிட்டர் இடம் இருந்தது. அதே ஆண்டில் டாடா தன் இண்டிகோவைக் குறுக்கி இண்டிகோ சிஎஸ் என்று நான்கு மீட்டருக்குள் கொண்டுவந்து விலையில் முந்தியபோது, மாருதிக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

2012இல் வந்த இரண்டாம் தலைமுறையின் நீளம் 3995 மில்லிமீட்டர். அடிப்படையாக இருந்த ஸ்விஃப்ட் வளர்ந்திருந்தது, ஆனால் செடானின், அதாவது டிக்கி தனியாக நீளும் டிசையரின், மொத்த நீளம் 165 மில்லிமீட்டர் குறைய வேண்டியிருந்தது. வெட்டு முழுவதும் டிக்கியின் மேல் விழுந்தது. இடம் 316 லிட்டராகச் சுருங்கியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்கண்ணாடி முடிந்த இடத்திலேயே காரும் முடிந்துவிடும். அந்த வடிவத்தை யாரும் அழகு என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் குறைந்த விலை, நல்ல மைலேஜ், எந்த ஊரிலும் கிடைக்கும் சர்வீஸ் என்ற மூன்றும் சேர்ந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. இந்தப் பிரிவில் மற்றவர்கள் பட்டபாடும் குறைவில்லை. ஃபோக்ஸ்வாகன் இந்தியாவுக்கென்றே உருவாக்கிய ஆமியோவில், போலோவின் நேர்த்தியான முன்பக்கத்துக்கும் குட்டையான பின்பக்கத்துக்கும் ஒட்டே இல்லாமல் இருந்தது. அந்தக் கார் நீடிக்கவில்லை.

2017ஆம் ஆண்டு மாற்றம்தான் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த முதல் நல்ல விடை. கூரையைத் தாழ்த்தி, பின்கண்ணாடியைச் சாய்த்து, டிக்கியின் மூடியைக் கூரைக் கோட்டோடு இணைத்தார்கள். அதே 3995 மில்லிமீட்டருக்குள் டிக்கி 378 லிட்டராக வளர்ந்தது. "ஸ்விஃப்ட்" என்ற முன்னொட்டையும் அப்போது நீக்கினார்கள். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 2018இல், 2,64,612 கார்கள் விற்று நாட்டிலேயே அதிகம் விற்ற காராக டிசையர் ஆனது. இருந்தும் முன்பக்கத்தில் ஸ்விஃப்டின் சாயல் போகவில்லை.

இந்த வரலாற்றை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், 2024 மாடலைப் பற்றிய பாராட்டு எங்கிருந்து வருகிறது என்பது இதைத் தெரிந்தால்தான் விளங்கும். நீளம் அதே 3995, அகலம் அதே 1735, சக்கர இடைவெளி அதே 2450 மில்லிமீட்டர்; உயரம் மட்டும் 10 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. டிக்கி 382 லிட்டர். அளவுகளில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. ஆனால் முகத்தை ஸ்விஃப்டிடமிருந்து முழுவதுமாகப் பிரித்துவிட்டார்கள். கிடைமட்டப் பட்டைகள் கொண்ட அகன்ற கிரில், ஒடுங்கிய ஹெட்லைட், ஏறக்குறையத் தட்டையான பானட் எல்லாம் சேர்ந்து காரை உண்மையில் இருப்பதைவிட அகலமாகவும் நீளமாகவும் காட்டுகின்றன. பின்புறத்தில் விளக்குகளை இணைக்கும் பட்டையும் டிக்கி மூடியின் விளிம்பில் எழும்பியிருக்கும் மடிப்பும் அதே வேலையைச் செய்கின்றன. நீளத்தைக் கூட்ட முடியாத ஒரு காருக்குக் கண்ணின் வழியாக நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆடியின் சாயல் என்ற குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். கிரிலின் வெளிக்கோட்டையும் பட்டைகளையும் பார்த்தால் அந்த நினைவு எவருக்கும் வரும். ஆனால் விலை குறைந்த கார்களின் முகம் விலை உயர்ந்த கார்களைத் தொடர்ந்து செல்வது புதிதல்ல. தோற்றத்தில் எனக்குள்ள உண்மையான குறை வேறு. முன்பக்கம் கோடுகளும் விளிம்புகளுமாகக் கூர்மையாக இருக்க, பக்கவாட்டுக் கதவுகளில் பழைய காரின் மென்மையான உருட்சி அப்படியே தொடர்கிறது. வெள்ளை நிறத்தில் இது தெரியாது. அடர்ந்த நிறத்தில் வெயிலில் நிறுத்தினால் தெரியும்.

முகத்தைப் பிரித்ததற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய வடிவம் டூர் எஸ் என்ற பெயரில் டாக்ஸிகளுக்காகவே விற்கப்பட்டது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் வரிசையாக நிற்கும் டி போர்டு வண்டிகளில் டிசையர் இல்லாத இடமே இல்லை என்ற நிலை வந்தபோது, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்க நினைத்தவர்களில் பலர் தயங்கினார்கள். "வீட்டு வாசலில் நிறுத்தினால் கால் டாக்ஸி வந்திருக்கிறதா என்று கேட்பார்கள்" என்று சொன்னவர்களை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். ஒரு கார் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுநர்களின் கையில் தாக்குப்பிடிக்கிறது என்பது அதற்குக் கிடைத்த நற்சான்று என்றே நான் கருதுகிறேன். ஆனால் கார் வாங்குகிறவர்கள் அப்படி மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. ஏழெட்டு லட்சம் ரூபாய் போடுகிறவர் அதில் தன் மதிப்பையும் பார்க்கிறார், அதைக் குறை சொல்ல முடியாது. அதே பணத்திற்கு உயரமான சிறிய எஸ்யூவிகள் கிடைக்கும் இந்தக் காலத்தில், செடானைத் தேடி வருகிறவரைத் தக்கவைத்துக்கொள்ளப் புதிய முகமும், இந்தப் பிரிவில் முதன்முறையாகத் தரப்பட்ட சன்ரூஃபும் தேவைப்பட்டன.

அடுத்து எஞ்சின். இங்கேதான் எதிர்ப்பாளர்களின் பக்கம் நான் நிற்கிறேன், முழுவதுமாக இல்லாவிட்டாலும்.

பழைய டிசையரில் இருந்தது நான்கு சிலிண்டர்கள் கொண்ட 1.2 லிட்டர் எஞ்சின். 90 பிஎஸ் சக்தியும் 113 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது. புதியதில், 2024 மே மாதம் ஸ்விஃப்டில் அறிமுகமான இசட்12இ என்ற மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்திருக்கிறது. அதன் சக்தி ஏறக்குறைய 82 பிஎஸ், இழுவிசை ஏறக்குறைய 112 நியூட்டன் மீட்டர். கொள்ளளவு அதேதான், நான்கு சிலிண்டர்களுக்குப் பகிர்ந்த 1197 சிசி இப்போது மூன்றுக்குப் பகிரப்படுகிறது. சிலிண்டர் ஒன்று குறைந்தால் உராயும் பாகங்கள் குறைகின்றன, வெப்பம் வீணாகக் கடந்துபோகும் சுவர்ப்பரப்பும் குறைகிறது, அதனால் எரிபொருள் மிச்சமாகிறது. அறிவிக்கப்பட்ட மைலேஜ் மேனுவல் கியரில் லிட்டருக்கு 22.41இலிருந்து 24.79 கிலோமீட்டராகவும், கியரைத் தானாக மாற்றும் ஏஎம்டியில் 25.71 கிலோமீட்டராகவும் உயர்ந்ததற்கு இதுவே பெரும் காரணம்.

இதற்கான விலையை ஓட்டுகிறவர் அதிர்வாகக் கொடுக்கிறார். நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒவ்வொரு அரைச் சுற்று சுற்றும்போதும் ஒரு சிலிண்டரில் எரிப்பு நடக்கும். மூன்று சிலிண்டரில் மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஆகவே குறைந்த வேகத்தில் ஒவ்வொரு உந்துதலும் தனித்தனியாக உணரப்படுகிறது. அதோடு, பிஸ்டன்கள் மூன்றும் ஒரே வரிசையில் ஏறியிறங்கும்போது எஞ்சினின் ஒரு முனை எழும்ப மறுமுனை தாழும்; அந்த ஆட்டத்தை எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் பெருமளவு விழுங்கினாலும் முழுவதுமாக விழுங்குவதில்லை. சிக்னலில் ஏசியைப் போட்டு நிற்கும்போது கியர் லீவரில் கை வைத்தால் பழைய காருக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். நகர நெரிசலில் இரண்டாம் கியரில் மெல்ல ஊர்ந்து செல்லும்போது புதிய எஞ்சின் குறை சொல்ல முடியாத அளவுக்கு நன்றாகவே இழுக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக எஞ்சினைச் சுழற்றிப் பிடித்தபோது, எங்கள் பழைய காரில் அனிச்சையாகக் கிடைக்கும் அந்தக் கடைசி எட்டு பிஎஸ் இதில் இல்லை என்பதையும், சத்தம் வேகத்தை முந்திக்கொண்டு வருகிறது என்பதையும் நான் உணர்ந்தேன்.

இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, நிறுவனம் அறிவித்த மைலேஜையே அப்படியே எடுத்துக்கொண்டாலும், மிச்சமாவது நான்கு லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோல். அந்தச் சேமிப்புக்காக, டிசையரின் பெருமைகளில் ஒன்றாக இருந்த அமைதியான எஞ்சினை விட்டுக்கொடுக்க ஒரு குடும்பத்தலைவர் தானாக ஒப்புக்கொள்வாரா என்பது ஐயமே. மாதம் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்தச் சேமிப்பு பெரியதுதான், ஆனால் அவர் பெரும்பாலும் சிஎன்ஜி பக்கம் போய்விடுவார். விற்கும் கார்கள் அனைத்தின் சராசரிப் புகை அளவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு இருக்கிறது என்பதை அறிவேன். அதிகம் விற்கும் காரில் ஒவ்வொரு துளியும் அந்தச் சராசரியில் எதிரொலிக்கும். அந்த வகையில் முடிவு புரிகிறது. ஆனாலும் டிசையர் வாங்குகிறவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் இது ஒரு படி இறக்கம் என்றுதான் சொல்ல முடியும். ஹோண்டா அமேஸும் ஹூண்டாய் ஆராவும் நான்கு சிலிண்டரை விடாமல் வைத்திருக்கும்போது இந்த இறக்கம் கூடுதலாகத் தெரிகிறது.

சிஎன்ஜியைக் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்று அறிவித்திருக்கிறார்கள், பாராட்டத்தக்க அளவு. ஆனால் ஒரே பெரிய சிலிண்டரை டிக்கிக்குள் வைக்கும் பழைய முறையே தொடர்கிறது. டாடா டிகோரில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் கிடத்தி மேலே பெட்டி வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். செடானை வாங்குவதே டிக்கிக்காகத்தான் என்னும்போது, புதிய வடிவத்திலும் இதைத் திருத்தாதது எனக்கு வருத்தமே.

பாதுகாப்பைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014இல், கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டை மோதிப் பார்த்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது சுழியம். 2018இல் அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு 2022இல் மீண்டும் சோதித்தபோது ஒரு நட்சத்திரம்தான். டிசையர் அதே குடும்பத்தில் பிறந்த கார். "மாருதி என்றால் தகரம்" என்ற பேச்சு ஊர் முழுவதும் பரவியது இந்தக் காலத்தில்தான். அந்தப் பேச்சில் மிகை இருந்தாலும், மோதலில் கூண்டு நிலைகுலைகிறது என்று சோதனை அறிக்கையே சொல்லும்போது அதை மறுக்க யாரிடமும் வாதம் இருக்கவில்லை.

2024 நவம்பரில், விற்பனை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், புதிய டிசையரின் முடிவு வந்தது. நிறுவனம் தானாக முன்வந்து சோதனைக்கு அனுப்பிய கார் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 34க்கு 31.24 புள்ளிகளுடன் ஐந்து நட்சத்திரமும், குழந்தைகளுக்கான பாதுகாப்பில் 49க்கு 39.20 புள்ளிகளுடன் நான்கு நட்சத்திரமும் பெற்றது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் தடையில் மோதும் சோதனையில் கூண்டு நிலையாக இருந்தது என்றும், இன்னும் கூடுதல் விசையைத் தாங்கும் என்றும் மதிப்பிட்டார்கள். பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதுவது ஆகிய சோதனைகளும் இதில் அடக்கம். மாருதி கார் ஒன்று அந்த அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை. பின்னர் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையிலும் டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

இதில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது நட்சத்திர எண்ணிக்கைகூட அல்ல. ஆறு ஏர்பேக், வழுக்கும்போது காரை நேர்ப்படுத்தும் இஎஸ்பி, ஐந்து இருக்கைகளுக்கும் மூன்று முனை சீட் பெல்ட் ஆகிய அனைத்தும் மிகக் குறைந்த விலை எல்எக்ஸ்ஐ மாடலிலிருந்தே வருகின்றன. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் யோசனையை மத்திய அரசு முன்வைத்து, 2023இல் கைவிட்டது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், சட்டம் கேட்காத ஒன்றை அடிப்படை மாடலில் தந்திருப்பதன் எடை தெரியும். அறிமுகத்தின்போது அந்த எல்எக்ஸ்ஐயின் ஷோரூம் விலை 6.79 லட்சம் ரூபாய். சன்ரூஃபும் 360 டிகிரி கேமராவும் வேண்டுமானால் உச்ச மாடலான இசட்எக்ஸ்ஐ பிளஸ் வரை போக வேண்டும். உயிர்காக்கும் பொருட்களுக்கு அப்படிப் போக வேண்டியதில்லை. இந்த வரிசை சரியானது. முன்பெல்லாம் அலாய் வீலோடு சேர்த்துத்தான் ஏர்பேக்கும் விற்கப்பட்டது.

ஆகவே கிரில் யாருடையது என்று நூறு பேர் விவாதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. பின்சீட்டில் குழந்தையைப் படுக்கவைத்துக்கொண்டு இரவில் ஊருக்குப் போகும் குடும்பங்கள்தான் இந்தக் காரை அதிகம் வாங்குகின்றன. அவர்களுக்குப் பழைய வடிவத்துக்கும் புதியதற்கும் உள்ள உண்மையான இடைவெளி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூண்டில்தான் இருக்கிறது.

உள்ளறையைப் பற்றிச் சுருக்கமாக: டேஷ்போர்டு ஸ்விஃப்டில் உள்ளதேதான், கூடுதலாக இளம்பழுப்பு நிறமும் மரம் போன்ற பட்டையும் சேர்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கின் தரம் விலைக்கு ஏற்ப இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. பின்சீட்டில் முழங்காலுக்கு நல்ல இடம். நடுவில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தால் தோள்கள் உரசும். 163 மில்லிமீட்டர் தரையிடைவெளி நம் வேகத்தடைகளுக்கு ஐந்து பேருடனும் போதுமாக இருந்தது.

நீங்கள் வாங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் எத்தனை பேர் வழக்கமாகப் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறிப் பாருங்கள். பிறகு சிக்னலில் நின்று அதிர்வைக் கவனியுங்கள். அது தொந்தரவாகத் தெரிந்தால் அதே நாளில் அமேஸையும் ஆராவையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அப்படி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்த பிறகு என் சித்தப்பா, அதிர்வைத் தாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, எல்எக்ஸ்ஐக்கு அடுத்த படியான, தொடுதிரை கிடைக்கும் விஎக்ஸ்ஐ பெட்ரோல் மேனுவலை முன்பதிவு செய்தார். சன்ரூஃப் வேண்டும் என்ற சித்தியின் விருப்பத்திற்கு மட்டும், விலை வேறுபாட்டைக் காரணம் காட்டி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.